கரையிலேயே விழட்டும்

கனடாவில், எங்கள் மல்வேர்ன் பிளாசாவின் டோனட் கடையில் ஞாயிறு காலைகளில் ஒரு கடற்படைத் தளபதி இருந்தார். கொழும்புத் துறைமுகத்தில் பன்னிரண்டு வருடம் கிளார்க்காக இருந்தவர். கப்பலில் ஒருநாளும் ஏறியதில்லை. கப்பலில் வந்த சாமான்களின் பட்டியலைத்தான் எழுதியிருக்கிறார். இங்கே ஒரு கொம்பனியில் அட்டைப்பெட்டி மடித்தார். ஆனால் கோப்பி ஒரு மிடறு தொண்டைக்குள் இறங்கியதும் ஆளுக்குப் பதவி உயர்வு கிடைத்துவிடும். ஆறேழு பேர் சுற்றியிருந்து வாய் பார்ப்போம். அதில் நானும் ஒருவன் என்பதை நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஒரு ரெலிபோன் நம்பருக்கு அடித்தால் ஊர்ச் செய்தியைப் பதிவுசெய்து போட்டிருப்பார்கள். ஸ்காபரோவில் இருந்த எங்கள் சனம் முழுக்க அதைக் கேட்டுத்தான் வேலைக்குப் போகும். ஆமி கடல்வழியாகத் தரையிறங்கப் பார்க்கிறது, நேவிக் கப்பல்கள் கரைக்கு ஷெல் அடிக்கின்றன என்று ஒரு வெள்ளிக்கிழமை சொன்னார்கள். சொன்ன கரையிலிருந்து ஒரு மைல் உள்ளே என் அக்கா இருந்தார். பள்ளிக்கூட ரீச்சர். அத்தான் செத்துப்போய், இரண்டு பெண்பிள்ளைகளோடு தனியே இருந்தார். வேறு எந்தச் செய்தியும் கிடைக்க வழியில்லாததால் நான் தளபதியிடம் போனேன். என் புத்தி அவ்வளவுதான்.

அவர் ஏற்கெனவே மேசையில் போரைத் தொடங்கியிருந்தார். மேசையின் விளிம்பு கரை. கோப்பி மூடிகள் கப்பல்கள். சீனிப் பைக்கற்றுகள் ஆமியின் படகுகள்.

"இஞ்சை பாருங்கோ. முதல் நேவிக்காரன் கரையைப் போட்டு அடிப்பான். ஒரு தென்னை மிஞ்சாது. பிறகு ஆமி போட்டிலை வரும். வரேக்கை தன்ரை ஆக்களுக்கு மேலை அடிக்கேலாதெல்லே? அப்ப அடியை உள்ளுக்குத் தள்ளுவான்."

"எவ்வளவு உள்ளுக்கு, அண்ணை?" என்று கேட்டேன்.

"ஒரு மைல். ஒண்டரை மைல். உந்த இடமெல்லாம் தூள்தான்!"

உப்புப் போத்தல் இருந்த இடத்தில் விரலால் தட்டிக் காட்டினார். முகத்தில் அப்படியொரு சந்தோசம். சொந்தச் சனத்தின் தலையில் குண்டு விழுகிற இடத்தைச் சரியாகக் கணித்துவிட்ட சந்தோசம். பக்கத்திலிருந்தவர், "அண்ணைக்குத் தெரியாததே!" என்று தலையை ஆட்டினார். அக்காவின் வீடு அங்கேதான் என்று நான் வாய் திறந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதற்கும் ஒரு விளக்கம் தந்திருப்பார்.

எழுந்து பஸ் ஏறினேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி அம்மாளாச்சியைக் கும்பிட்டேன். சண்டை நிற்கவேண்டும் என்று கேட்கவில்லை. அதெல்லாம் நடக்கிற காரியமா? அடி உள்ளே போகவேண்டாம், கரையிலேயே விழட்டும் என்று கேட்டேன். கரையில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். காலையில் அக்கா வீட்டு வாசலுக்கு மீன் கொண்டுவருகிற சனங்கள், ஓலைக் குடிசைகளில் இருப்பவர்கள். தெரிந்துகொண்டுதான் கேட்டேன். அதன் பிறகு நாலைந்து மாதமாக ஊரிலிருந்து கடிதம் இல்லை. நானும் தினமும் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

பனி கொட்டத் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிறு, யாரோ ஒரு புது ஆளைக் கடைக்குக் கூட்டிவந்தார்கள். முப்பது வயதிருக்கும். அதே கரையில் கடலுக்குப் போனவர். இரவல் ஜக்கெற்றின் கைகள் விரல்களையும் தாண்டித் தொங்கின. தளபதிக்குப் பிடித்த பைத்தியம் சொல்லி மாளாது. மூடிகளை அடுக்கி, அங்கே நின்று வந்தவருக்கே அங்கே நடந்ததை விளக்கத் தொடங்கிவிட்டார். வந்தவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"அண்ணை, நீங்கள் எந்தக் கப்பலிலை நிண்டனீங்கள்?"

எல்லோரும் சிரித்தோம். நான்தான் மற்றவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தேன். தளபதியின் முகம் கறுத்தது, எனக்கு அது பாலும் பழமுமாக இருந்தது. பிறகு கதிரையை இழுத்துப்போட்டு அக்காவைப் பற்றிக் கேட்டேன்.

"ரீச்சரோ? அவ பிள்ளையளோடை சுகமா இருக்கிறா. நாங்கள் ஓடிப்போய் அவவின்ரை பள்ளிக்கூடத்திலைதான் கிடந்தனாங்கள். கஞ்சி காய்ச்சித் தந்தவ."

"அங்கை ஷெல் வரேல்லையோ? அடியை உள்ளுக்குத் தள்ளுவாங்களாமே?"

"ஆமி எங்கடை பக்கம் இறங்கினால்தானே தள்ளுறதுக்கு? அவங்கள் தெற்காலை இறங்கினவங்கள். எங்களுக்கு அடிச்சது சும்மா ஏமாத்து. மூண்டு நாளும் எல்லாம் கரையிலைதான் விழுந்தது."

"அப்பாடா! நல்ல காலம்!"

கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். மேசையையும் தட்டினேன். தளபதிகூடத் தலையைக் குனிந்துகொண்டு மூடிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். அந்த மனிதர் கோபப்படவில்லை. என்னைப் பார்த்து, மரியாதையாகத்தான் சொன்னார்.

"ஓம் அண்ணை, ரீச்சருக்கு நல்ல காலந்தான். என்ரை அம்மாவுக்கு நடக்கேலாது. அவ கரையிலேயே நிண்டிட்டா."