கீரை பறிக்கும் விளையாட்டு

அன்று பன்வில தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் இருந்தது நான், ஆறு பிள்ளைகள், தண்ணீர் குடிக்க வந்த கங்காணி, அவ்வளவுதான். தாய்மார் கொழுந்து பறிக்கப் போயிருந்தார்கள். மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்கு, அவர்கள் வரும்வரை பிள்ளைகளைப் பார்க்கிற வேலை.

கீரை என்றாலே பிள்ளைகள் வாயை மூடிக்கொள்ளும். வெறும் சோறு தின்று சோகை பிடித்துவிடுமோ என்று எனக்கு ஓயாத பயம். அதனால் ஒரு விளையாட்டு கட்டினேன். சின்னக் கூடையைத் தலையில் மாட்டி, மேட்டில் ஓடி ஏறி, வல்லாரை பறித்து வரவேண்டும். ஒருவன், கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளையாக நின்று நிறுப்பான். தாங்களே பறித்த கீரையைப் போட்டி போட்டுத் தின்றார்கள்.

அதில் கெட்டிக்காரி ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி. அவளை எப்படியும் பள்ளிக்கூடம் அனுப்பவேண்டும் என்பது அவள் தாயின் ஆசை. அவள் இரண்டு கையாலும் பறிப்பதைக் கங்காணி நின்று பார்த்தார்.

"யாரு புள்ள இது? கை என்னமா ஓடுது!"

"சும்மா விளையாட்டுங்க ஐயா," என்றேன். உள்ளுக்குள் பெருமைதான்.

மறுவாரமே கங்காணி அவள் பேரைக் கொழுந்து பறிக்கப் பதிந்துவிட்டார். தாய் என்னிடம் வந்தாள்.

"கீரை திங்க வைக்கச் சொன்னா, கூடை தூக்கப் பழக்கிட்டியே அக்கா!"

"மாட்டேன்னு சொல்லக்கூடாதா?"

"எப்படிச் சொல்ல? அவருகிட்ட கடன் நிக்குதே."

முயல் மாதிரித் தாவிப் பறிக்கச் சொல்லியிருக்கலாம். அந்தக் கூடையை நான் ஏன் கொடுத்தேன்? அவள் கலியாணம் முடித்துப் போகும்வரை கொழுந்து பறித்தாள். அப்போதும் கங்காணிக்கு இருபத்திரண்டு ரூபாய் பாக்கி.