மச்சாள் ஏறிய விமானம்

மச்சாளின் கைகளில் கனிந்த வாழைப்பழ வாசம் வீசும். இரத்மலானை விமானத்திடலில் இறக்கைத் துணிக்குப் பூசும் மருந்தின் வாசம் அது. பூசிக் காய்ந்தால் துணி இறுகி, தட்டும்போது மேளம்போல அதிருமாம். அந்தக் கையோடு அவள் என் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

வெள்ளைக்காரர் ஆண்ட நாள், இரண்டாம் உலக யுத்த காலம். தாய் தகப்பன் இல்லாத நான் வெள்ளவத்தையில் மாமா வீட்டில் இருந்தேன். மச்சாள் அவருடைய மகள். பெடியன்கள் பறக்கப் பழகும் சின்ன விமானங்கள் திடலில் நின்றன. மரச்சட்டம், மேலே துணி, முன்னொன்று பின்னொன்றாக இரண்டு இருக்கை. பழகுகிறவர்கள் தடாலென்று இறக்குவார்கள், துணி கிழியும். தைக்க ஒருத்தி தேவை என்று கேள்விப்பட்டு மாமா எங்கள் இருவரையும் கூட்டிப்போனார். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்குத் தையல் ஒன்றுதான் பெருமை. எங்கள் ஒழுங்கை வீடுகளில் கலியாணச் சட்டை என்றால் என்னிடம்தான் வரும். மச்சாள் சோம்பேறி; எட்ட எட்டக் குத்தி இழுத்துவிடுவாள்.

இருவரும் தைத்துக் காட்டினோம். சிங்கள பாஸ் என் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நங்கி, சட்டைக்கு இது ஹொந்தாய், நல்லம். பிளேனுக்குச் சரிவராது. நெருக்கித் தைச்சு ஊசி ஓட்டை கூடிப்போச்சு, காத்து இழுத்தா கோட்டோட கிழியும்." மச்சாளின் துண்டைத் தெரிந்தெடுத்துப் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரத் துரையிடம் நீட்டினார். நானும் எட்டத் தைப்பேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. தைத்து முடித்த விமானம் முதலில் எழும்பும்போது தைத்தவளே முன் இருக்கையில் ஏறவேண்டும். அப்போதுதான் கவனமாகத் தைப்பாள் என்று துரைமார் சிரிப்பார்களாம். மச்சாள் பறந்த அன்று மாமி ஒழுங்கை முழுவதையும் கடற்கரைக்குக் கூட்டிப்போய்க் கைகாட்ட வைத்தாள். நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். சத்தம் கூரைக்கு மேலால் போனது. நான் நிமிரவில்லை.

பின்னேரம் மச்சாள் ஓடிவந்து என் தோளைப் பிடித்தாள். "எடியே, கடல் நெளிஞ்ச தகரம் மாதிரிக் கிடந்துது! உன்னைத் தேடினனான், காணேல்லை. துரையிட்டக் கேட்டிட்டன், அடுத்தமுறை நீ ஏறலாமாம். வாறியே?"

அதைவிட வேறெதற்கும் நான் ஆசைப்பட்டதில்லை. ஆனால் அது அவள் கையால் வந்தது.

"எனக்குத் தலை சுத்தும்" என்றேன்.

அந்தச் சொல் வீட்டில் நிலைத்துவிட்டது. பெண்பார்க்க வந்தவர்களிடமும் மாமி அதைச் சொன்னாள். மலைப்பாதை ஒத்துவராதென்று கணவர் என்னை வீட்டில் விட்டுவிட்டு நுவரெலியா பார்த்துவரப் போனார். மகன் கனடாவுக்குப் போனதும் தகப்பனை மட்டும் கூப்பிட்டான்.

போன வருடம் மச்சாள் லண்டனிலிருந்து தனியே வந்திறங்கினாள். இந்த வயதிலும் ஜன்னலோரச் சீட்டாம். என் மகளின் பிள்ளைகளைச் சுற்றி இருத்தி, தான் பறந்த கதையைச் சொல்லி முடித்தாள். பிறகு என் முழங்காலைத் தடவினாள்.

"பாவம் இவள். ஆசைப்பட்டாலும் ஏலாது, தலை சுத்தும்."

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். ஓம் என்று தலையாட்டினேன்.