எழுதாமல் விட்ட கோட்டை

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த தங்கை கணவருக்கு மார்த்தினிக் தீவுக்கு மாற்றல் வந்தது. போனதும் தலைநகரான ஃபோர் தெ பிரான்சை மூன்று நாள் சுற்றிப் பார்க்கத் தங்கை திட்டம் போட்டாள். அந்த நகரத்தின் வரைபடத்தை என்னிடம் நீட்டினாள்.

“எனக்குப் பிரெஞ்சு படிக்க வராதுக்கா. எங்கெங்க போவணும்னு நீயே தமிழ்ல எழுதிக் குடு.”

அவள் கணவர் முதலில் பெண் பார்க்க வந்தது என்னைத்தான். என்ன படித்திருக்கிறாய் என்று பிரெஞ்சில் கேட்டார். பதில் தெரிந்தும் கூச்சத்தில் நான் வாய் திறக்கவில்லை. கதவருகே நின்ற தங்கை சிரித்துவிட்டாள். அவருக்கு அவளைப் பிடித்துப்போனது.

வயிறு எரிய எழுதினேன்: மாதா கோயில், சந்தை, நூலகம், பூங்கா. கடலோரத்தில் பழைய கோட்டை ஒன்றும் இருந்தது. அங்கே இருவரும் சேர்ந்து நிற்பதை நினைத்துப் பார்த்தேன். அதை மட்டும் எழுதவில்லை.

“அவ்ளோதானாக்கா?”

“அவ்ளோதான்டி. சின்ன ஊரு.”