ஹோசியாவின் பெரிய நம்பர்

அமெரிக்காவின் தெற்கே பர்மிங்காம் நகரப் பேருந்தை முப்பத்தோரு வருடம் ஓட்டியவர் ஹோசியா கிரிமெட். வாய் ஓயாத மனிதர். பெருமையடித்துக்கொள்ள அவரிடம் விஷயம் நிறைய உண்டு. ஒரு விபத்துகூட இல்லாத வேலைக்காலம், தேவாலயப் பாடகர் குழுவில் அவருடைய கனத்த குரல், கோடைக்கு அவர் சுடும் பன்றி விலா. வயதான பிறகு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கெட்டுப்போன கிட்னியை வைத்துக்கூடப் பெருமை பேசினார் மனிதர்.

சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் அந்தக் குடும்பத்தின் பரம்பரைச் சொத்து. அக்கா வெர்டெலுக்கு முதலில் கிட்னி பழுதானது, பின்னாலேயே இவருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்தால் ஒரு தாள் வரும். கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று அதில் இரண்டு வரி இருக்கும். கறுப்பர் என்றால் ஒரு எண், மற்றவர் என்றால் ஒரு எண். ஒரே ஊசி, ஒரே ரத்தம், ஆனால் கறுப்பரின் எண் எப்போதும் பெரிது. பெரிய எண் என்றால் கிட்னி தேவலை என்று அர்த்தம். அது இருபதுக்கு இறங்கினால்தான் மாற்றுக் கிட்னிக்கான வரிசையில் பெயர் ஏறும்.

முடிதிருத்தும் கடையில் அந்தத் தாளை விரித்து வைத்துக்கொண்டு அளப்பார் ஹோசியா.

"பாத்தியாடா, இதே ரத்தம் வெள்ளைக்காரன் உடம்புல ஓடினா பத்தொம்பது. என் உடம்புல ஓடினா இருபத்திரண்டு. பருத்திக் காட்டுல வெந்த வம்சம்டா, சும்மாவா?"

"நம்மளப் பத்தி அவங்க எழுதினதுல இது ஒண்ணுதாண்ணே நல்ல வார்த்தை" என்பான் கடைக்காரன். கடையே சிரிக்கும்.

வெர்டெல் மட்டும் சிரிக்கமாட்டாள். பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் உழைத்தவள். சின்ன வயதில் காய்ச்சலோடு இதே ஊரில் டாக்டரிடம் போனபோது, பின்வாசலில் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்துப் பெஞ்சில், கடைசி வெள்ளைக்கார நோயாளி போகும்வரை உட்கார்ந்திருந்தவள். இப்போது முன்வாசல், மெத்தை நாற்காலி, வாய்க்கு வாய் மேடம். இருந்தும் அவளுக்கு மனம் ஒப்பவில்லை. 2014 மார்ச்சில் கால் வீங்கிப்போய்த் தம்பியிடம் கேட்டாள்.

"டேய், என்னால முடியலடா. ரெண்டாவது வரியில பதினெட்டுன்னு போட்டிருக்கே, அதை வெச்சு என்னை வரிசையில சேத்துக்கங்கன்னு கேக்கட்டுமா?"

"அது உன் வரி இல்லக்கா. உனக்கு இருபத்தொண்ணு. நல்ல நம்பரை விட்டுட்டு எவளாவது கெட்ட நம்பரைக் கேப்பாளா?"

அவள் கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்து எண் இறங்கிப் பெயர் ஏறியது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று மூன்று வருடம் ஓட்டினாள். 2019ல் காத்திருந்தபடியே போய்ச்சேர்ந்தாள்.

அப்போது ஹோசியாவும் வரிசையில்தான் இருந்தார். 2023ல் ஒரு நாள் காலை அவருக்கு ஒரு கடிதம் வந்தது. அவருடைய காத்திருப்புக் காலத்தோடு மூன்று வருடம் இரண்டு மாதம் சேர்க்கப்படுகிறதாம். குதித்தேவிட்டார். அடுத்த பத்தியைப் படித்ததும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். மறுபடி படித்தார். மருத்துவமனைக்குப் போன் போட்டார். மார்லீனா என்ற பெண் எடுத்தாள்.

"ஏம்மா, அந்தப் பெரிய நம்பர் என் ரத்தத்துல இருந்ததில்லையா?"

"இல்ல சார். கறுப்பர்னு ஃபாரத்துல இருந்தா, கணக்கு தானா கூட்டிப் போட்டுடும். கறுப்பருக்குச் சதை அதிகம், அதனால ரத்தத்துல கழிவும் கூடத்தான் இருக்கும்னு ஒரு நெனப்பு. அது தப்புன்னு இப்ப எடுத்துட்டாங்க."

"அப்போ என் கிட்னி?"

"சின்ன நம்பர்தான் சார் நெஜம்."

இத்தனை வருடம் ஊர் முழுக்க எதைக் காட்டி மார்தட்டினோம்!

"அந்தக் காலத்துல வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்னு போர்டு எழுதி மாட்டியிருந்தான், படிச்சிட்டுத் திட்டவாவது முடிஞ்சுது. இதை நானே கையில வெச்சுக்கிட்டு ஊரைக் கூட்டியிருக்கேனேம்மா!"

கடிதத்தை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"எங்க அக்கா வெர்டெல் கிரிமெட். அவளுக்கு எவ்வளவு சேரும்?"

தட்டச்சுச் சத்தம் கேட்டது. நின்றது.

"சார், அவங்க இறந்துட்டாங்களே. இப்ப வரிசையில இருக்கிறவங்களுக்குத்தான் நாள் சேக்கறோம்."

"தெரியும்மா. கணக்கு மட்டும் சொல்லு."

"2014 மார்ச்லயே பேர் ஏறியிருக்கும், சார்."

ஹோசியா சமையல்கட்டு மேசையைப் பிடித்துக்கொண்டார். தன் வாயைத் தானே கிழித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"சார், இருக்கீங்களா? உங்க முறை ரொம்பப் பக்கத்துல வந்துடுச்சு. போனைக் கையிலயே வெச்சிருங்க."

"சரிம்மா. அவளுக்கும் ஒரு கடிதம் போடு. அவ படிக்கமாட்டா, தெரியும். அவ பேரைப் போட்டு, தப்பு நடந்துபோச்சுன்னு ஒரு காகிதம். நான் வாங்கிக்கறேன்."

"இறந்தவங்களுக்குன்னு எங்ககிட்ட அப்படி ஒரு கடிதம் இல்ல, சார்" என்றாள் அவள்.