பிலிப்பு பிரித்துப் போட்ட கமரா

பிலிப்புவுக்கும் றீட்டாவுக்கும் கல்யாணம் நடந்த அன்றைக்கு லுணுகலைப் பக்கம் மழையென்றால் மழை, அப்படி ஒரு மழை. அந்த மழையிலும் டவுனிலிருந்து ஒருவர் கமராவைத் தூக்கிக்கொண்டு தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார். கோயில் வாசலில் நிறுத்தி எடுத்தார், தாலி கட்டும்போது எடுத்தார், சோறு போடும்போதும் எடுத்தார். கடைசியில் பார்த்தால் உள்ளே ஃபிலிம் றோல் சுற்றவே இல்லையாம். ஒரு படம்கூட இல்லை. மனுசன் அவர்கள் குடியிருந்த லயத்துக்கே வந்து அழுதுவிட்டுப் போனார்.

அவர் அழுதார், றீட்டா அழவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யார் வீட்டுக் கல்யாண அல்பத்தைப் புரட்டினாலும், “எங்களுக்கு நடந்தது கல்யாணமா, கனவானு தெரியலம்மா” என்று ஒரு வார்த்தை சொல்லாமல் எழும்பமாட்டாள். பக்கத்தில் பிலிப்பு இருந்தால் இரண்டு முறை சொல்லுவாள்.

இப்படியே இருபத்தைந்து வருசம் ஓடிவிட்டது. மாதா மாதம் பூசை வைக்க வருகிற ஃபாதர், வெள்ளிவிழாவுக்கு ஆசீர்வாதம் கொடுக்கிறேன் என்றார். கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும் மகன் ஜூட், “நான் வந்து போன்ல எடுக்கிறேம்பா” என்றான்.

“போன்ல எடுக்கிறது பாத்துட்டுத் தள்ளிவிடத்தான். எங்களுக்கு வர வேண்டியது றோல் படம். அதத்தான் எடுப்பேன்” என்றான் பிலிப்பு.

பிலிப்பு ஒன்றைச் சொல்லிவிட்டால் சொன்னதுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதுளைக்கு பஸ் ஏறி, பழைய சாமான் விற்கிற ஷாமிலின் கடையில் ஒரு கமராவை எடுத்துக்கொண்டு வந்தான். ஷாமில் நேர்மையான ஆள். “அண்ணே, இது ஓடாது. அலுமாரியில வச்சா அழகா இருக்கும்” என்று முகத்துக்கு நேரே சொன்னான். “ஓட வைக்கிறேன்” என்று பிலிப்பு வாங்கிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், அழுத்தினால் சத்தம் வருகிறது, உள்ளே கண் திறக்கவில்லை. கண் இமை மாதிரி இருக்கிற மெல்லிய தகடுகளில் பழைய எண்ணெய் பசையாகி ஒட்டிக் கிடந்தது. லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி வெள்ளைப் பூஞ்சணம். பின்கதவின் விளிம்பில் இருந்த பஞ்சு தாராக உருகிப்போயிருந்தது.

ஜூட் போனில் வீடியோ அனுப்பினான். யாரோ ஒரு வெள்ளைக்காரன் பேசிக்கொண்டே கழற்றினான். பேச்சு விளங்காவிட்டால் என்ன, கை விளங்கியது. கடிகாரத்துக்குப் பாவிக்கிற சின்ன ஸ்க்ரூ ட்ரைவரால் பிலிப்பு ஒவ்வொரு ஆணியாகக் கழற்றி, முட்டைத் தட்டின் குழிகளில் வரிசையாகப் போட்டான். லைட்டருக்கு ஊற்றுகிற பெட்ரோலைத் தொட்டுத் தொட்டுத் தகடுகளைத் துடைத்தான். பின்கதவில் வெளிச்சம் புகாமல் இருக்கக் கறுப்புக் கம்பளி நூல் வேண்டியிருந்தது. றீட்டா கொழுந்தெடுக்கப் போயிருந்த நேரம் பார்த்து அவளுடைய கம்பளிக் குல்லாவின் ஓரத்தைப் பிரித்துவிட்டான்.

“என்னங்க, குல்லாவ எலி கடிச்சிருக்கு.”

“கடிக்கும், கடிக்கும். குளிருக்கு எலி என்னா செய்யும்?”

“அந்த எலிக்கு ராவைக்குச் சோறு கெடையாதுனு சொல்லிருங்க.”

இவ்வளவும் ஒழுங்காகத்தான் நடந்தது. கெட்டிக்காரத்தனம் கூடிப்போன இடத்தில்தான் பிலிப்பு வழுக்கினான். மூடுபனி மாதம் அது. துடைத்த லென்ஸில் மறுபடி மறுபடி ஈரம் படிந்தது. பிலிப்பு ஸ்டோரில், அதாவது தேயிலை ஃபெக்டரியில், கொழுந்து காய வைக்கிற அடுப்பில் வேலை செய்கிறவன். சூட்டோடு இறங்கின தூள் பக்கத்தில் இருக்கிற ஈரத்தையெல்லாம் குடித்துவிடும் என்பது அவனுக்குத் தெரியாதா? றீட்டாவின் பழைய சேலைத் துண்டில் கமராவைச் சுற்றி, பிஸ்கட் டின்னில் தேயிலைத் தூளுக்குள் புதைத்து, மூடியை இறுக்கி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

அன்றைக்கென்று பக்கத்துக் காம்பரா வீட்டு ஜெயந்தினி வந்தாள். கைக்குக் கிடைத்த டின்னைத் திறந்து மேலாக ஒரு கரண்டி அள்ளி றீட்டா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

ஜெயந்தினி ஒரு மடக்குக் குடித்து முகத்தைச் சுளித்தாள். “றீட்டாக்கா, குடிக்கத்தான் தந்தீங்களா, வண்டிக்கு ஊத்தவா?”

றீட்டா டின்னுக்குள் கையை விட்டாள். கமரா வந்தது.

ஈரம் போனது உண்மைதான். ஆனால் சேலைத் துணி எவ்வளவு மெல்லிசு! தூள் சன்னமாக உள்ளே இறங்கி, பல்சக்கரங்களின் இடுக்கெல்லாம் ஏறியிருந்தது. பிலிப்பு திரும்பவும் முட்டைத் தட்டை எடுத்தான். ஊதினான், தூரிகையால் தட்டினான், துடைத்தான். கண் திறந்து மூடியது. ஆனால் முன்பக்கம் ஒரு சின்னப் பிடி இருந்தது. அதைத் திருப்பிவிட்டு ஓடிப்போய் நின்றால் கமரா தானே படம் எடுக்கும். அந்தப் பிடி கர்ரென்று பாதி வந்து நின்றுகொண்டது. இருவரும் ஒன்றாக நிற்க அதைத்தான் நம்பியிருந்தான். அதைக் கழற்ற முழுவதையும் பிரிக்க வேண்டும். ஆசீர்வாதத்துக்கு ஒரு நாள்தான் இருந்தது.

“அதுக்கென்னா, ஜூட்தான் வந்திருக்கானே, அவன் அமத்தட்டும்” என்றாள் றீட்டா.

“அவனுக்குக் கைப்பழக்கம் இல்ல. பெருவெரலால பின்னால ஒரு எடத்தப் புடிச்சுக்கிட்டே அமத்தணும். இல்லாட்டி கண்ணு பாதியில நின்னுரும். அவன் கொண்டாந்ததே ஒரு றோல்தான். ஒன்ன நான் எடுக்கிறேன்.”

“தனியாவா? தனியா நின்னா அது கல்யாணப் படமில்ல, மரண அறிவித்தல் படம். மாலயப் போட்டுச் சொவத்துல ஒட்டிருவாங்க.”

“அப்ப வேற வழி இல்ல.”

“ஒங்களுக்குப் பொண்டாட்டி நானா, அதுவா?”

அன்று இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்தார்கள். ஜூட் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு நடுவில் பாயைப் போட்டுக்கொண்டான்.

ஞாயிறு பூசை முடிந்தது, ஆசீர்வாதமும் முடிந்தது. கோயிலில் பிலிப்பு கமராவைத் தொடவே இல்லை, கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டே முழங்காலில் நின்றான். திரும்பி வந்ததும், சேலையில் கழன்ற ஊசியைக் குத்த றீட்டா ஜெயந்தினியின் காம்பராவுக்குப் போனாள். அங்கேதான் ஆள் உயரக் கண்ணாடி வைத்த அலுமாரி இருந்தது. பிலிப்பு பின்னாலேயே வந்து, கமராவும் கழுத்துமாக வாசலில் நின்றான்.

ஊசியைக் குத்திக்கொண்டிருந்த றீட்டா நிமிர்ந்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு அசையாமல் நின்றாள்.

“என்னங்க, இங்க பாருங்க. இதுக்குள்ள நம்ம ரெண்டு பேரும்தான இருக்கோம்?”

பிலிப்புவுக்கு விளங்க ஒரு மூச்சு நேரம் எடுத்தது. விளங்கியதும் பையிலிருந்து ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்துவிட்டான்.

“அண்ணே, அது எங்க அம்மா வீட்டுச் சீதனம்!” என்று ஜெயந்தினி கத்தினாள்.

“ஒடையாது. ஒடஞ்சா என் தலைய எடு.”

“ஒங்க தலைய வச்சு நான் சேல கட்டிப் பாக்கவா?”

உள்ளே வெளிச்சம் போதாதென்று கண்ணாடியைக் கழற்றி வெளியே கொண்டு வந்து, லயத்துச் சுவரில் சாய்த்தார்கள். சரிந்துவிடாமல் ஒரு பக்கம் ஜூட்டும் ஒரு பக்கம் ஜெயந்தினியும் பிடித்துக்கொண்டார்கள். மூடுபனி விலகும்வரை காத்து நின்றார்கள். விலகியதும் பிலிப்பு கமராவைக் கண்ணில் வைத்து, கண்ணாடிக்குள் தெரிந்த றீட்டாவுக்குக் கணக்குப் பார்த்து வளையத்தைத் திருப்பினான். பிறகு முகம் மறையாமல் அதை நெஞ்சுக்கு இறக்கிப் பிடித்தான். றீட்டா தோளோடு தோளாக வந்து நின்றாள்.

“சிரிக்கவா?”

“ஒன் இஷ்டம்.”

“அமத்துங்க, ஜெயந்தினிக்குக் கை நோவுது.”

ஜூட் றோலைக் கொழும்புக்குக் கொண்டுபோய்க் கழுவினான். பத்துப் பதினைந்து படங்கள் தேறின. எல்லாவற்றிலும் ஓரமாக ஒரு செங்கோடு விழுந்திருந்தது. ஒன்று மட்டும் சுத்தமாக வந்திருந்தது. இருவருக்கும் பின்னால் தேயிலை மலை ஏறிப் போகிறது. றீட்டா பல் தெரியச் சிரிக்கிறாள். பிலிப்பு குழந்தையைப் பிடித்த மாதிரி கமராவைப் பிடித்திருக்கிறான். கண்ணாடி ஓரத்தில் ஜெயந்தினியின் நாலு விரல். “நானும் கல்யாணத்துல இருக்கேன்” என்று அவள் லயமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

படம் வந்து சேர்ந்த மறுநாள் காலை பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கப் போகும்போது றீட்டா படத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தாள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒவ்வொருத்தியாக வாங்கிப் பார்த்தார்கள். “நிறுக்க வந்தீங்களா, படம் பாக்க வந்தீங்களா?” என்று சத்தம் போட்ட கங்காணிக்கும் காட்டினாள். அவரும் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டுதான் பார்த்தார்.

பின்னேரம் வீடு திரும்பியதும் பிலிப்பு கேட்டான், “யாருக்காவது காட்டுனியா?”

“நான் ஏன் காட்டுறேன்?”

உறை முழுக்கக் கொழுந்துக் கறை படிந்த கைரேகை.  பிலிப்பு செங்கோடு விழுந்த படங்களைப் பரப்பி, வெளிச்சம் எந்தப் பக்கத்தால் புகுந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கைக்கு எட்டாதபடி குல்லாவை எடுத்து ஒளித்துவைத்துவிட்டுத்தான் றீட்டா அடுப்பைப் பற்றவைத்தாள்.