கொட்டாஞ்சேனைக்காரரின் இரண்டு இசைத்தட்டுகள்

வெள்ளவத்தையில் காலி வீதியோரம், ஒரு புடைவைக் கடைக்கும் பேக்கரிக்கும் நடுவில் ஒடுங்கிப்போய் இருந்தது நான் வேலை செய்த ரெக்கோடிங் பார். சனம் தமக்குப் பிடித்த பாட்டுகளைச் சொல்லிவிட்டுப் போகும். நாங்கள் கசெற்றில் பதிந்து கொடுப்போம். நானும் அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் ஓர் அறை எடுத்து, கனடாவிலிருந்த அண்ணன் எங்களைக் கூப்பிடும்வரை காத்திருந்த காலம் அது. சும்மா காத்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அம்மாதான் என்னை வேலைக்கு அனுப்பினார். முதலாளி ஒரு முஸ்லிம் மனிதர், நல்ல சுபாவம். கசெற் உறையில் எழுத என் கையெழுத்து அழகாக இருக்கிறதென்று என்னைச் சேர்த்துக்கொண்டார்.

ஒரு நாள் அவர் ஓர் ஓட்டோ நிறையப் பழைய இசைத்தட்டுகளோடு வந்து இறங்கினார். கொட்டாஞ்சேனையில் ஐரோப்பிய வழிவந்த ஒரு பறங்கிக் குடும்பம் வீட்டைக் காலி செய்துவிட்டு அவுஸ்திரேலியாவுக்குப் போகிறதாம். அந்த நாட்களில் யாராவது ஒருவர் எங்காவது போய்க்கொண்டேதான் இருந்தார்கள். அவர்கள் விட்டுப்போகும் கதிரை, அலுமாரி, தையல் இயந்திரம் எல்லாம் ஊருக்குள் கைமாறிக்கொண்டிருந்தன.

தட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டு, எது கசெற்றாக்க உதவும் என்று பிரிப்பது என் வேலை. அப்படிப் பிரிக்கும்போதுதான் அந்த இரண்டும் கையில் வந்தன. முதல் தட்டின் உறையில் துறைமுக மதிலுக்கு முன்னால் நான்கு இளைஞர்கள். அகலமான காற்சட்டை, காதை மூடிய தலைமயிர். இரண்டாவதில் அதே நால்வர் ஏதோ ஒரு வீட்டுப் படியில் உட்கார்ந்து, படமெடுப்பவரைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அதுக்கு நேரத்த வீணாக்காதீங்க மகள்,” என்றார் முதலாளி. “இங்கத்தப் பொடியன்மார் இங்கிலீசுல பாடினது. அந்த நாள்லயே ஒருத்தரும் வாங்கல்ல.”

அவர் தொழுகைக்குப் போனதும் ஊசியை வைத்தேன்.

எனக்கு ஆங்கிலப் பாட்டுகள் பழக்கமில்லை. ஊரில் கோயில் ஒலிபெருக்கியும் வானொலியும்தான் என் சங்கீதம். ஆனாலும் அந்தக் கிற்றார் ஒலி கேட்டதும் ஏதோ செய்தது. சைக்கிள் மணிகளை ஒரே நேரத்தில் நூறு பேர் அடித்தாற்போல் ஒரு பளபளப்பு. அதன் மேல் இரண்டு குரல்கள், ஒன்றை ஒன்று தோளில் தூக்கிக்கொண்டு. பாட்டு ஒவ்வொன்றும் சின்னது. சரியாகக் கேட்க நான் நிமிர்ந்து உட்காரும்போது முடிந்துவிடும். துள்ளிக்கொண்டு ஓடும் பாட்டுத்தான், ஆனால் அடியில் யாரோ ஒருவர் அழாமல் அடக்கிக்கொண்டு நிற்பது போல இருக்கும். சொற்கள் பாதிதான் விளங்கின. அதுவும் நல்லதாகப் போயிற்று. விளங்காத பாதியில் நான் என் விருப்பத்துக்கு அலைந்தேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பஸ்களும் குடைகளும் இராணுவ ட்ரக்குகளும் சத்தமில்லாமல் நீந்திப்போயின. எல்லாமே அந்தப் பாட்டுக்குள் நடப்பவை போலத் தோன்றின. அதன்பின் மத்தியானங்களில் ஆளில்லாத நேரம் பார்த்து அந்தத் தட்டுகளைப் போடுவது என் வழக்கமாகிவிட்டது.

மின்வெட்டுக் காலம். ஒரு மத்தியானம் பாட்டு நடந்துகொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. தட்டு மெல்ல மெல்லத் தளர, பாடியவரின் குரல் கிணற்றுக்குள் இறங்குவது போல ஆழமாகி, இழுபட்டு, நின்றது. மின்விசிறியும் நின்றது. அந்த அமைதியில் டக்-டக்கென்று ஒரு தாளம் கேட்டது.

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கவுண்டரின் முன்னால் நின்றிருந்தார். வெள்ளைச் சேர்ட், சட்டைப்பையில் துறைமுக அலுவலக அடையாள அட்டை. அவர் உள்ளே வந்ததை நான் கவனித்திருக்கவில்லை. கண்களை மூடிக்கொண்டு, கண்ணாடி மேசையில் விரல்களால் அந்தப் பாட்டை விட்ட இடத்திலிருந்து அடித்துக்கொண்டு போனார். நடுவில் ஓரிடத்தில் சட்டென்று நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, மறுபடி தொடங்கினார். அந்த நிறுத்தம் பாட்டில் இருக்கிறது. எனக்குத் தெரியும். கடைசி அடி வரை அடித்து முடித்துவிட்டுத்தான் கண் திறந்தார்.

“இது எங்க கெடச்சது தங்கச்சி?”

“கொட்டாஞ்சேனையில ஒரு வீட்டில அங்கிள். உங்களுக்கு இந்தப் பாட்டுத் தெரியுமோ?”

“நான்தான் அடிச்சது,” என்றார். “ட்ரம்ஸ்.”

நான் உறையை எடுத்துப் பார்த்தேன். இடது ஓரத்தில் மெலிந்து நின்ற இளைஞனுக்கும் இவருக்கும் புருவம் மட்டும்தான் ஒன்றாக இருந்தது.

இத்தாலியிலிருக்கும் மகள் பேசி அனுப்பிய கசெற் சிக்கிக்கொண்டதால் அதைத் திருத்த வந்தவர் அவர். மின்சாரம் வரும்வரை உட்கார்ந்து கதைத்தார். நால்வரும் கொட்டாஞ்சேனையில் ஒரே பள்ளிக்கூடம். பாடியவனும், கூடப் பாடிக்கொண்டு பேஸ் கிற்றார் வாசித்தவனும் பறங்கிப் பையன்கள். மற்றக் கிற்றார்க்காரன் சிங்களவன். பாட்டுக் கட்டுவது முழுக்க அவன்தானாம்.

“எல்லாரும் பைலா போட்டு ஆடின காலம். எங்கட பாட்டுக்கு ஆட ஏலாது. அழவும் ஏலாது. அப்ப ஆர் வாங்குவாங்க?” என்று சிரித்தார். “இப்ப இதுக்குப் பவர் பொப் எண்டு பேராம். மெல்பேர்ன்ல இருந்து பாட்டுக்காரன் எழுதினான். நாங்க அடிச்ச நேரம் அதுக்குப் பேர் ஒண்டும் இல்ல.”

அவரிடமிருந்த தட்டுகள் எண்பத்துமூன்றில் தமிழர்மேல் நடந்த ஆடிக் கலவரத்தில் வீட்டோடு எரிந்துவிட்டன. அதன்பிறகு தன் கையால் அடித்ததை அவர் கேட்டதே இல்லை. மின்சாரம் வந்ததும் தட்டை முதலிலிருந்து போட்டேன். அவர் என் கதிரையில் அசையாமல் இருந்து இரண்டையும் கேட்டார். தொழுகை முடிந்து வந்த முதலாளி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார்.

“அந்தக் கிற்றார்க்காரர் எங்க அங்கிள்?” என்று நான் கேட்டேன்.

“நுகேகொடையில. வீடு தெரியும். போறதில்ல.” உறையைக் கையிலெடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சொன்னார். “கலவரத்துக்க அவன்தான் எங்கள வீட்டுக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தான். பிறகு முகத்தப் பாத்தா அந்த ஞாபகம்தான் வரும். அவனுக்கும் அப்பிடித்தான் போல. அவனும் வாறதில்ல.”

கசெற்றில் பதிந்து தருகிறேன் என்றேன். அவர் தலையாட்டினார். பிறகு, “அவன் இதத் தட்டாத்தான் கேக்கோணும்,” என்றார்.

நுகேகொடைக்குக் கொண்டுபோகத் தட்டுகளை இரவல் கொடுக்க முதலாளி சம்மதித்தார். “ஆனா என்ட சாமான் தனியப் போகாது. மகளும் கூடப் போங்க,” என்றார். ட்ரம்ஸ்காரரின் மனைவியும் வருகிறார் என்றதால் அம்மா என்னை விட்டார். ஒரு ஞாயிறு காலை, தட்டுகளைப் பழைய சேலையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு அவர்களோடு பஸ்ஸில் போனேன்.

வழியில் ஒரு பாலத்துக்கு முன்னால் எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். இராணுவத்தான் சேலையைப் பிரித்து, தட்டை வெளியே இழுத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ட்ரம்ஸ்காரர் சிங்களத்தில் நிதானமாக, “நாங்கள் பாடியது, ஐயா,” என்றார்.

“ஒயா கோ?” என்று உறையைக் காட்டினான் அவன். இதில் நீ எங்கே என்று அர்த்தம்.

இவர் விரலை வைத்தார். இராணுவத்தான் உறையைப் பார்த்தான், அடையாள அட்டையைப் பார்த்தான், அவருடைய வழுக்கைத் தலையைப் பார்த்தான். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டை உறைக்குள் தானே கவனமாகச் செருகித் தந்தான். பஸ் ஏறியபின், “ஆமிக்காரனும் சிரிக்கிற அளவுக்குத்தான் இருக்கு உங்கட தலை,” என்றார் மனைவி. நாங்கள் நுகேகொடைச் சந்தை வரும்வரை சிரித்தோம். பயம் அப்படித்தான் வெளியே போகும்.

கிற்றார்க்காரர் வாசல் திறந்தபோது சாரம் உடுத்து, கையில் பத்திரிகையோடு நின்றார். “மச்சாங்” என்றார் ஒருவர். மற்றவரும் அதையே சொன்னார். ட்ரம்ஸ்காரரின் மனைவிதான் உள்ளே போய்க் கதிரைகளை இழுத்துப் போட்டார். அந்தச் சுவர்களை அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அவர்கள் ஒளிந்திருந்தது எந்த அறை என்று நான் கேட்கவில்லை. சமையலறைக்கு அப்பால் மூடியிருந்த ஒரு கதவை அவர் ஒருமுறை தொட்டுவிட்டு வந்தார்.

அங்கிருந்த பழைய ரெக்கோட் பிளேயரில் பாட்டு தொடங்கியதும் இரண்டு பேரும் தரையைப் பார்த்தபடி இருந்தார்கள். மூன்றாவது பாட்டில் கிற்றார்க்காரர் திடீரென்று கையை உயர்த்தி, “இந்தா, இதில்தான் நீ முந்திவிட்டாய்!” என்று சிங்களத்தில் கத்தினார். “நீதான் பிந்தினாய்!” என்று இவர் கத்தினார். ஒரு தாளத்துக்காக இத்தனை வருடம் கழித்து அவர்கள் சண்டை பிடித்தது எவ்வளவு அழகாக இருந்தது! மத்தியானச் சாப்பாடு வரை அந்தச் சண்டை ஓயவில்லை. பிறகு இருவரும் முற்றத்து மாமரத்தடிக்குக் கதிரைகளை இழுத்துக்கொண்டு போனார்கள்.

முதலாளி தட்டுகளைத் திருப்பி வாங்கி, கசெற்றாகப் பதிந்து அலுமாரியின் கீழ்த்தட்டில் வைத்தார். ரியூஷன் வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் சிலர் கேட்டுவிட்டு, “இது எந்த வெளிநாட்டு பாண்ட்?” என்று விசாரிப்பார்கள். “வெளிநாடு இல்ல. கொட்டாஞ்சேனை,” என்று அவர் பெருமையாகச் சொல்வார், தானே பெற்று வளர்த்தது போல.

அந்த வருடம் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் கோயில் திருநாளுக்கு ட்ரம்ஸ்காரரையும் கிற்றார்க்காரரையும் வாசிக்கக் கேட்டார்கள். திருநாளன்று காலை நகரத்தில் எங்கோ குண்டு வெடித்து, எல்லாம் நின்றுபோயிற்று. ஆனால் அதற்கு முந்தின நாள் பின்னேரம் கோயில் மண்டபத்தில் ஒத்திகை நடந்தது. நானும் ட்ரம்ஸ்காரரின் மனைவியும் மட்டும் பின்வரிசையில் இருந்தோம். பாடியவர்கள் இருவரும் கடல் கடந்து இருந்ததால் பாட்டில் குரல் இல்லை. இரவல் ட்ரம்ஸும் ஒரு கிற்றாரும் மட்டும், பாடும் இடங்களை வெறுமையாக விட்டு விட்டு வாசித்தன. திறந்திருந்த யன்னல்களால் துறைமுகத்துக் காற்று வந்தது. ஒரு வெற்றிடம் வந்தபோது என் பக்கத்தில் அவருடைய மனைவி, யாருக்கும் கேட்காத குரலில், சொற்களைப் பாடத் தொடங்கினார்.