கார் போர்ச்சை விட்டுப் போக வேண்டிய பக்கி

பழைய பக்கி வண்டியைக் கழற்ற ஓர் ஆள் போதும். அது மறுபடி ஓடுமா என்று பார்க்க ஊரே வரும்.

அந்தச் சனிக்கிழமை காலை, கோலா சிலாங்கூரில் எங்கள் வீட்டுக் கார் போர்ச்சில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனைவி சரசு, இடுப்பில் கை வைத்தபடி. மகள் கவிதா, படம் பிடிக்கக் கையில் போனோடு. சரசுவின் தம்பி சுப்ரா. ரவாங்கில் தொழிற்சாலை வேலை, வேடிக்கை பார்ப்பதற்காகவே லீவு போட்டு வந்தவன். பாசிர் பெனம்பாங்கில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் ஆ செங். பழைய இரும்பு வாங்கும் மணியம், கையில் கயிற்றோடு. கூடாரம் கட்ட வந்த இரண்டு பேர். எட்டாவது ஆள் நான். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன், பக்கியில்.

பக்கி என்றால் தெரியாதவர்களுக்கு: முதுகு வளைந்த அந்தக் காலத்து ஆமைக் காரின் அடித்தட்டை வெட்டிச் சுருக்கி, மேலே குழாய்களை வளைத்துப் பற்றவைத்து, மணலிலும் சேற்றிலும் ஓட்டுவதற்காகச் செய்த வண்டி. கதவு கிடையாது, கூரை கிடையாது, எஞ்சின் பின்னால் இருக்கும். என்னுடையது ஆறு வருடமாகப் போர்ச்சில் நின்றது. மறுநாள் கவிதாவுக்கு நிச்சயதார்த்தம். சரசு போட்ட நிபந்தனை இது: சனிக்கிழமை கூடாரம் கட்டுவதற்கு முன் பக்கி தன் சொந்த எஞ்சினில் போர்ச்சை விட்டுப் போக வேண்டும். தள்ளக்கூடாது, இழுக்கக்கூடாது. போகாவிட்டால் மணியத்தின் லோரியில் ஏறிவிடும். வீட்டில் ஓடாத வண்டி வைத்திருக்கும் அன்பர்களே, அன்று காலை நான் எத்தனை சாமியைக் கூப்பிட்டிருப்பேன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கோழி எழுந்த பிறகு

பெஸ்தாரி ஜெயா பக்கம் ஈயம் எடுத்த பழைய மணல் திட்டுகளில் ஓட்டுவதற்காக ஏதோ ஒரு தோட்டத்துத் துரை இதைச் செய்ததாகச் சொல்வார்கள். நான் பார்த்தபோது செம்பனை மரங்களுக்கு நடுவில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்துக்குப் பின்னால் கிடந்தது. ஓட்டுநர் இருக்கை இருந்த இடத்தில் ஒரு சிவப்புக் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. லயத்து வீட்டம்மாவிடம் விலை கேட்கக் கூச்சப்பட்டு இரண்டு வாரம் அந்த வழியாகச் சும்மா போய்வந்தேன். மூன்றாவது வாரம் அந்த அம்மாவே கூப்பிட்டு என்ன வேண்டும் என்று கேட்டார். வண்டியைக் காட்டினேன். வேண்டுமானால் சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

லோரி கொண்டுவருகிறேன் என்று நான் கிளம்பினேன். அவர் பின்னாலேயே வந்து, குரலைத் தாழ்த்தி, கோழிக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போலச் சொன்னார்: “இன்னும் ஒம்பது நாள் இருக்கு. அது எந்திரிச்சப்புறம் வாங்க. பாதியில எழுப்பினா நல்லா இருக்காது.”

படகுச் சாயம்

கடல் காற்றில் இரும்பு எத்தனை வேகமாகத் துருப்பிடிக்கும் என்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். கார்ச் சாயம் ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. அதனால் ஆ செங்கிடம் போனேன். சீனர்தான், ஆனால் தோட்டத்துக் கடைக்குப் பின்னால் வளர்ந்தவர், என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். மீன்பிடிப் படகுக்குப் பூசும் நீலச் சாயத்தைக் கலக்கி, சட்டம் முழுதும் அவர் கையாலேயே பூசிக் கொடுத்தார். பழக்க தோஷத்தில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே பூசும் சிவப்பையும் அடியில் பூசிவிட்டார். தெருவில் போகிறவர்கள் படகு கட்டுகிறாயா என்று கேட்க ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூட பஸ்ஸின் இருக்கையும் டிராக்டரின் விளக்கும் பொருத்தியதால், அது படகு இல்லை என்று என்னாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இந்தச் சிவப்பு எதற்கு, வண்டி தண்ணீரில் இறங்கப் போவதில்லையே என்று ஆ செங்கிடம் கேட்டேன். அவர் பிரேக் மிதியைக் காலால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். “அண்ணே, இந்தப் பிரேக்குக்கு ஆத்துல இறங்கினாதான் வண்டி நிக்கும்.”

நலம் விசாரிப்பு

மணியம் நல்ல மனிதர். வாரத்துக்கு ஒரு தடவை ஒலிபெருக்கி வைத்த லோரியில் எங்கள் தெருவுக்கு வருவார். பழைய பேட்டரி, பழைய ஃபேன், பழைய இரும்பு என்று கூவிக்கொண்டு வருகிறவர், எங்கள் வீடு வந்ததும் ஒலிபெருக்கியை நிறுத்திவிடுவார். ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்க்க வந்தவர் போல மெதுவாகக் கேட்டைத் திறந்து, பக்கியைச் சுற்றி வந்து, ஒரு குழாயைத் தொட்டுப் பார்ப்பார். ஒருநாள் எஞ்சின் இரண்டு நிமிடம் ஓடி நின்றதைச் சரசு சொன்னதும் அவர் முகம் வாடியதை நானே பார்த்தேன். உடனே சமாளித்துக்கொண்டு சந்தோஷப்பட்டார்.

போகும்போது என் தோளில் கை வைத்துச் சொன்னார்: “அவசரம் இல்ல அண்ணே. இருக்கிற வரைக்கும் இருக்கட்டும். நான் எங்க போயிடப் போறேன்?”

பொட்டு

அன்பர்களே, கியர் பாக்ஸைத் திறக்காதவரைக்கும் மனிதனுக்கு ஒரு நிம்மதி உண்டு. நான் திறந்தேன். சாமான்களைக் கழற்றிய வரிசையிலேயே போர்ச் தரையில் செய்தித்தாள் விரித்துப் பரப்பி, நட்டுகளை மட்டும் ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன். இடது பக்கமும் வலது பக்கமும் அச்சாக ஒரே மாதிரி இருக்கும். மாறிவிடக் கூடாது என்று இடது பக்கச் சாமான்களுக்கு மட்டும் சிவப்புச் சாக்கட்டியால் ஒரு பொட்டு வைத்தேன். மறுநாள் ஆயுத பூஜை. நான் கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள் சரசு தையல் மெஷின், அரவை மெஷின், மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு, இரும்பு என்றால் இரும்புதானே என்று கியர் பாக்ஸுக்கும் வந்துவிட்டாள். ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் சிவப்புப் பொட்டு. பல்சக்கரத்தின் பல்லுக்குப் பல் வைத்திருந்தாள்.

சந்தனத் தூள் உள்ளே போனால் பேரிங் கெட்டுவிடும். மண்ணெண்ணெய் ஊற்றி எல்லாவற்றையும் பளிச்சென்று கழுவினேன். கழுவிய பிறகுதான் என் பொட்டும் போய்விட்டது தெரிந்தது. சரசுவிடம் முதல் தடவையாகக் கொஞ்சம் சத்தமாகப் பேசினேன், இடது எது வலது எது என்று இனி நான் எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று. அவள் தட்டில் மிச்சமிருந்த சுண்டலை என் கையில் கொடுத்தாள். “சாமி கும்பிட்டாச்சுல்ல? எந்தப் பக்கம் போட்டாலும் அது நல்லபடியா போகும்ங்க.”

ஞாபகத்தை நம்பி எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினேன். இதை மட்டும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன்: பூட்டி முடித்தபோது டப்பாவில் ஒரு நட்டுகூட மிச்சம் இல்லை. பழைய வண்டி பூட்டுகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும். டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிக்கூடப் பார்த்தேன்.

கால் வரைக்கும்

எனக்கு ஆட்களோடு பேச வராது. பக்கியின் பெரிய வசதி, அதற்கு அடியில் படுத்துக்கொண்டால் யாரும் பேச்சுக்கு இழுக்க மாட்டார்கள். ஜெராமிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா தேதி பேச வந்தபோது நான் அடியில்தான் இருந்தேன். கார் சத்தம் கேட்டதும் வெளியே வந்திருக்க வேண்டும். சட்டையில் எண்ணெய், ஒரு நிமிடம் யோசித்தேன். அந்த நிமிடத்துக்குள் அவர் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். அதற்குப் பிறகு வெளியே வருவது இன்னும் வெட்கம். அவர் என் பாதங்களைப் பார்த்து வணக்கம் சொன்னார். நானும் உள்ளேயிருந்து வணக்கம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சௌகரியமா என்று கேட்டார். சௌகரியம் என்றேன். மாப்பிள்ளை வீட்டில் எண்பது பேர் வருவார்கள், போர்ச்சில் பந்தி போட்டுவிடலாமா என்று கேட்டார். அதற்கு நான் பதில் சொல்வதற்குள் சரசு சொல்லிவிட்டாள், தாராளமாக என்று. மேலே சொன்ன நிபந்தனை அந்த நிமிடத்தில்தான் பிறந்தது.

அவர் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கிளம்பும்போது மறுபடி வந்து குனிந்தார். “வர்றேன் சம்பந்தி. வீட்டுல கேட்பாங்க, பொண்ணோட அப்பாவப் பார்த்தீங்களான்னு. கால் வரைக்கும் பார்த்தேன்னு சொல்லிக்கிறேன்.”

சனிக்கிழமை

இப்போது முதலில் சொன்ன எட்டுப் பேரிடம் திரும்பி வருகிறேன். வண்டி வீட்டைப் பார்த்து நின்றது. நான் ரிவர்ஸில் எடுத்துத் தெருவுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். சாவியைத் திருப்பினேன். எஞ்சின் இருமியது, புகைத்தது, பிடித்துக்கொண்டது. சுப்ரா கைதட்டினான். மணியம் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி அக்குளில் வைத்துக்கொண்டார். ரிவர்ஸ் போட்டு, திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே கிளட்சை விட்டேன். தெரு என்னை விட்டு விலகிப் போயிற்று. முன்னால் ஏதோ நொறுங்கும் சத்தம். பக்கி செருப்பு அலமாரியை உடைத்து, நிலைக்கதவுக்கு ஒரு சாண் இடைவெளியில் நின்றது. எஞ்சின் அணைந்துவிட்டது.

“மச்சான், ரிவர்ஸ் போடுங்க, ரிவர்ஸ்!” என்று கத்தினான் சுப்ரா.

“ரிவர்ஸ்தாண்டா போட்டேன்.”

“இது என்ன லா! வீட்டுக்குள்ள போகுது!”

சரசு இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். உடைந்த அலமாரியைப் பார்த்தாள், பிறகு மணியத்தைப் பார்த்தாள். மணியம் ஆழ்ந்த அனுதாபத்தோடு கயிற்றைப் பிரிக்க ஆரம்பித்தார். முன் குழாயில் அவர் முதல் முடிச்சுப் போட்டபோது ஆறு வருடமும் அந்த முடிச்சுக்குள் போவதுபோல இருந்தது. அப்போதுதான் ஆ செங் சிரிக்க ஆரம்பித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். உள்ளே பெரிய பல்சக்கரத்தைப் பக்கம் மாற்றிப் பூட்டினால் எல்லாக் கியரும் தலைகீழாகிவிடும் என்பது அவருக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்கு அவர் சொன்ன பிறகுதான் புரிந்தது.

“அண்ணே, ஒங்களுக்கு முன்னால போக ஒரு கியர்தான். பின்னால போக நாலு இருக்கு. ஒண்ணப் போடுங்க!”

மறுபடி எஞ்சினைப் பிடித்து, ஒன்றாவது கியர் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கிளட்சை விட்டேன். பக்கி சாதுவாகப் பின்னால் நகர்ந்து, மணியத்தின் கயிற்றையும் இழுத்துக்கொண்டு, கேட்டைத் தாண்டித் தெருவில் போய் நின்றது. மணியம் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவந்தார்.

“அக்கா, இது ஒத்துக்க முடியாது,” என்றார் மூச்சு வாங்க. “வண்டின்னா முன்னால போகணும்.”

சரசு போர்ச்சைப் பார்த்தாள். ஆறு வருடத்துக்குப் பிறகு அங்கே தரை தெரிந்தது. ஒரு எண்ணெய்க் கறையும் இரண்டு செருப்பும்தான் கிடந்தன. கூடாரக்காரர்களைப் பார்த்துக் கம்பை இறக்கச் சொல்லிவிட்டு, மணியத்திடம் திரும்பினாள். “போகணும்னுதான் தம்பி சொன்னேன். எந்தப் பக்கம் பார்த்துக்கிட்டுப் போகணும்னு நான் சொல்லலையே.”

தோட்டத்து கேட்

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் செம்பனைத் தோட்டத்தில், காலியான உரக்கொட்டகை ஒன்றில் நிறுத்திக்கொள்ள சுப்ரா தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியிடம் கேட்டு வைத்திருந்தான். அங்கே வரைக்கும் செம்மண் ரோடு. சுப்ரா சிவப்புத் துண்டை ஆட்டிக்கொண்டு முன்னால் ஓடினான். அதாவது எனக்குப் பின்னால். நான் கழுத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டாவது போட்டேன், மூன்றாவதும் போட்டேன். உண்மையைச் சொன்னால், நன்றாகவே போயிற்று. நாலாவது போட மட்டும் எனக்குத் தைரியம் வரவில்லை.

தோட்டத்து கேட்டில் புதிதாக வந்த நேப்பாள ஜாகா காவலுக்கு இருந்தார். வண்டியின் பின்பக்கம் தன்னை நோக்கி வருவதையும், அதில் ஒரு கிழவன் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும் பார்த்தார். கம்பத்தைத் தூக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை. பாதியில் பிடித்தபடி நின்றார். அவர் மலாயில் கேட்டதைத் தமிழில் தருகிறேன்: “அங்கிள், நீங்க உள்ள வர்றீங்களா, வெளிய போறீங்களா? அதை மட்டும் சொல்லிடுங்க, நான் எழுதிக்கணும்.”

மறுநாள் நிச்சயதார்த்தம் நல்லபடியாக நடந்தது. என் கழுத்து மட்டும் திரும்பிய பக்கமே நின்றுவிட்டது. தட்டு மாற்றும்போதுகூட நான் சம்பந்தியைப் பார்க்காமல் சமையல்காரரைப் பார்த்துக்கொண்டுதான் மாற்றினேன். முழு ஆளாக என்னை அவர் பார்த்தது அன்றுதான். கையைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காமல், “சம்பந்தி, கால் பக்கமே தேவலை,” என்றார்.

பிறகு உரக்கொட்டகையில் உட்கார்ந்து, கியர் பாக்ஸை மறுபடி திறந்து, இடது பக்கத்துக்கு இந்தத் தடவை சணல் கயிறு கட்டி, பல்சக்கரத்தைப் பக்கம் மாற்றிப் பூட்டினேன். மிச்சமே இல்லாமல் பூட்டியபோது பின்னால் ஓடிய வண்டி, இப்போது மற்ற வண்டிகளைப் போல முன்னால் ஓடுகிறது, டப்பாவில் மிச்சம் இரண்டு நட்டு.